பிரவுணிக்கு ஒரு படம்: செல்லப்பிராணியின் ஓவியத்தை வரையக் கொடுப்பது எப்படி?

வத்தளையில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று படங்கள் இருக்கின்றன. அப்பப்பா, அப்பம்மா, அப்பா. மூன்றும் அவர்கள் போன பிறகு மாட்டப்பட்டவை. எங்களுடைய பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். சட்டம் போட்ட பெரிய படம் என்றால் அதற்கு மாலையும் சிறு மின்விளக்கும் சேர்ந்தே வரும்.

நான்காவது படத்தைக் கேட்டவர் அம்மா. பிரவுணிக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது. மிருக வைத்தியர் இதயம் பலவீனம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த நாளில், வீடு திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து, “இவளை ஒருக்கால் வரைஞ்சு எடுப்பம்” என்றார். உயிரோடு இருக்கும் நாய்க்கு எதற்குப் படம் என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார். போன பிறகு வரைந்தால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் முயற்சி தோல்வி. சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் முழுப்பணத்தையும் கட்டி, இரண்டு வாரத்தில் கூரியரில் வந்ததைப் பிரித்தால், நான் அனுப்பிய ஒளிப்படத்தையே ஒரு செயலியில் ஓவியம்போல மாற்றி, கன்வஸ் துணியில் அச்சடித்து, மேலே நிறமற்ற பசையைத் தூரிகைத் தடம்போலப் பூசியிருந்தார்கள். பிரவுணியின் இடது காதிலுள்ள வெள்ளைத் திட்டு வலது காதில் இருந்தது. அதைப் பார்த்ததும் “இது எங்கட பிள்ளை இல்லை” என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டாவது முறை சரியாக வந்தது. இடையில் கற்றுக்கொண்டவற்றை இதே வழியில் போக நினைப்பவர்களுக்காக இங்கே தொகுக்கிறேன்.

இது புதுப் பழக்கமா?

இல்லை. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரனுடைய கல் அது. ஆனால் அதில் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் உருவமும், ‘கோவிவன்’ என்ற அதன் பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கர்நாடகத்தின் ஆதகூரில் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடப்பட்ட கல்லிலோ, காட்டுப் பன்றியோடு போராடி மாண்ட ‘காளி’ என்ற நாயே நாயகி.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தனக்குக் கிடைத்த அபூர்வ விலங்குகளை ஓவியர் மன்சூரைக் கொண்டு வரைவித்தார். 1621இல் மன்சூர் வரைந்த வரிக்குதிரை இன்று இலண்டன் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விக்ரோரியா இளவரசியாக இருந்தபோது அவரது செல்ல நாய் ‘டாஷ்’ஷை 1836இல் எட்வின் லான்ட்சியரைக் கொண்டு வரைவித்தவர் அவருடைய தாயார். மகளின் பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்காக. ஆக, ஓட்டோவில் எங்கள் அம்மா கேட்டது ஒன்றும் விசித்திரமான ஆசை அல்ல.

ஓவியரை எங்கே தேடுவது?

முதலில் நேரில் பாருங்கள். கொழும்பு விஹாரமகாதேவி பூங்காவை ஒட்டிய, ‘கிறீன் பாத்’ என்று அழைக்கப்படும் நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படைப்புகளை வேலியோரம் வைத்து விற்பதைக் காணலாம். வத்தளையிலிருந்து 240ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து மாறினால் போதும். அதே சூழலில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடைபெறும் ‘கலா பொல’ திறந்தவெளி ஓவியச் சந்தை, ஜோர்ஜ் கீற் மன்றத்தால் 1993இல் தொடங்கப்பட்டது. நாடெங்கிலுமிருந்து வரும் ஓவியர்களை ஒரே நாளில் சந்திக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும் உள்ளன. இங்கே படித்து வெளியேறிய பலர் தனிப்பட்ட வேலைகளை ஏற்கிறார்கள். தமிழில் பேசி, நாயின் குணத்தை விளக்கி வேலை கொடுக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழி.

உருவப்படம் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க விரும்பினால், கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1943இல் உருவான ‘43 குழு’வின் உறுப்பினரும் தேர்ந்த உருவப்பட ஓவியருமான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. ஒளிப்படத்தை நகலெடுப்பதற்கும் ஒருவரைப் பார்த்து வரைவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே விளங்கும்.

ஓவியரைத் தெரிவு செய்யும்போது ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள். அவர் முன்பு விலங்குகளை வரைந்திருக்கிறாரா? மனித முகத்தை அச்சொட்டாக வரைபவருக்கு உரோமம் வராமல் போகலாம். உரோமம் வளரும் திசை முகத்தில் ஒன்று, கழுத்தில் வேறொன்று. அது பிழைத்தால் நாய் பொம்மையாகிவிடும்.

போலியை எப்படி அறிவது?

நான் ஏமாந்த இடம் இதுதான். மூன்று கேள்விகள் போதும். முதலாவது, பென்சில் கோட்டு நிலையிலும் பாதி வர்ண நிலையிலும் படம் எடுத்து அனுப்புவீர்களா? கையால் வரைபவருக்கு இது சிரமமே இல்லை. இரண்டாவது, முடித்த ஓவியம் ஒன்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் குறுங்காணொளியாக அனுப்ப முடியுமா? உண்மையான வர்ணத்தின் மேடு பள்ளம் உருவத்தின் கோடுகளோடு ஒத்துப்போகும். பூசிய பசையின் தடம் அதன்பாட்டில் எங்கோ போகும். மூன்றாவது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாமா?

கையில் கிடைத்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஒழுங்கான நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அச்சை அச்சு என்று சொல்லி விற்பதில் தவறில்லை. கையால் வரைந்தது என்று சொல்லி விற்பதே மோசடி. ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் பற்றுச்சீட்டு, உரையாடல் பிரதிகளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. என்னிடம் பற்றுச்சீட்டு இருக்கவில்லை.

ஒளிப்படமே பாதி ஓவியம்

நாய் மணிக்கணக்கில் அசையாமல் இருக்காது. எனவே ஓவியர் ஒளிப்படத்தையே நம்பியிருக்கிறார். நீங்கள் கொடுக்கும் படத்தில் இல்லாத ஒன்றை அவர் ஊகித்தே வரைய வேண்டும்.

- விலங்கின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால்கள் குறுகிவிடும்.
- மிக அருகில் போனை நீட்டினால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீற்றர் பின்னால் சென்று, இரண்டு மடங்கு ‘சூம்’ செய்து எடுங்கள்.
- பிளேஷ் வேண்டாம். நாய், பூனைகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். கண்ணின் நிறம் போய்விட்டால் ஓவியத்தில் உயிர் இருக்காது.
- நம் நாட்டில் நடுப்பகல் வெயில் உச்சியில் நிற்கும். கண்குழிகள் இருண்டுவிடும். காலை அல்லது மாலை நேரத்தில், கதவோரமோ யன்னலோரமோ எடுங்கள்.
- கறுப்பு நாய், கறுப்புப் பூனை என்றால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஓவியருக்கு ஒரு நிழல்தான் கிடைக்கும்.
- முன் கெமராவைத் தவிருங்கள். சில போன்கள் அதில் எடுத்ததை இடம் வலம் மாற்றிச் சேமிக்கின்றன. பிரவுணியின் வெள்ளைத் திட்டு காது மாறியதற்கு நான் அனுப்பிய செல்ஃபியே காரணம் என்று பின்னரே தெரிந்தது.
- வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டொக்கியுமன்ற்’ ஆக அனுப்புங்கள்.

ஒரே படம் போதாது. முழு முகம், பக்கவாட்டு முகம், உடல், இயல்பான வெளிச்சத்தில் நிறம் காட்டும் ஒன்று என நாலைந்து கொடுங்கள். தழும்பு, நரைத்த தாடை, கருத்தடை அடையாளமாகக் காதில் வெட்டிய சிறு நறுக்கு போன்றவற்றைத் தனியாக எடுத்து, அவற்றை வரைய வேண்டுமா வேண்டாமா என்று எழுதியும் விடுங்கள். சிலர் சொல்லாமலே ‘அழகுபடுத்தி’ விடுவார்கள்.

செல்லப்பிராணி ஏற்கெனவே இறந்துவிட்டதென்றால் பிறந்தநாள் காணொளிகளையும் பழைய குடும்பப் படங்களின் மூலைகளையும் தேடுங்கள். முகத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, இருக்கும் நிலைக்கு ஒன்று என்று சேர்த்து வரைய முடியும். அந்தப் படங்களைப் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தது எங்கள் பக்கத்தவர்களுக்கு மறந்திருக்காது. ஈரமான அல்பத்தைக் காயவைத்து மீட்பது எவ்வளவு கடினம் என்பதும்தான். வேறொருவர் எடுத்த படத்தைக் கொடுப்பதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

எந்த ஊடகம்?

பென்சில், கரி ஓவியங்கள் பொதுவாக விலை குறைந்தவை, விரைவில் முடிபவை. கறுப்பு வெள்ளையில் உரோமமும் பார்வையும் நன்றாக வரும். நீர்வர்ணம் மென்மையானது. ஆனால் பிழைத்தால் திருத்துவது கடினம். 300 கிராம் தடிப்புள்ள பருத்திக் கடதாசியில் வரையச் சொல்லுங்கள். பாஸ்டல் உரோமத்துக்கு அருமையானது. தூள் உதிரும் என்பதால் கண்ணாடிச் சட்டம் கட்டாயம்.

அக்ரிலிக் விரைவாகக் காயும், கன்வஸில் உறுதியாக நிற்கும், கண்ணாடி தேவையில்லை. எங்கள் தெரிவு அதுதான். எண்ணெய் வர்ணத்தின் ஆழம் வேறெதிலும் வராது. ஆனால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயவே நாட்கள் எடுக்கும். இறுதி வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும் என்பது வழமையான விதி. அடுத்த வாரப் பிறந்தநாளுக்கு எண்ணெய் ஓவியம் கேட்பவர் ஓவியரைச் சங்கடப்படுத்துகிறார்.

விலையும் உடன்பாடும்

விலையைத் தீர்மானிப்பவை அளவு, ஊடகம், விலங்குகளின் எண்ணிக்கை, பின்னணி ஆகியவை. வெறும் வர்ணப் பின்னணியும் வீட்டு முற்றமும் ஒரே விலையாகாது. சட்டமும் கூரியரும் உள்ளடங்குமா என்று தனியே கேளுங்கள். நல்ல வர்ணங்களும் கடதாசியும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. 2020 முதல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இல் ரூபா வீழ்ந்ததும் ஓவியர்களை நேரடியாகப் பாதித்தன. ஆகவே கடந்த வருட விலையைக் காட்டிப் பேரம் பேசுவது நியாயமில்லை. படத்தைப் பார்த்துத்தானே வரைகிறீர்கள் என்ற வாதமும் அப்படித்தான். உங்கள் நாயின் படத்தை நீங்கள் வேண்டாம் என்றால் வேறு யாரும் வாங்கப்போவதில்லை. முற்பணம் கேட்பதன் காரணம் அது.

அதேவேளை முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாதி முதலில், மீதி முடிந்ததும் என்பது இருவருக்கும் பாதுகாப்பு. வட்ஸ்அப்பில் என்றாலும் இவற்றை எழுத்தில் வையுங்கள்: அளவு, ஊடகம், திகதி, முற்பணம், எத்தனை திருத்தங்கள், எந்தக் கட்டத்தில் திருத்தலாம், ஓவியத்தைப் பின்னர் அச்சிடவோ விளம்பரத்தில் பயன்படுத்தவோ யாருக்கு அனுமதி.

திருத்தங்களைக் கோட்டு நிலையிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வரைபை வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பவரிடம் காட்டுங்கள். நான் பார்த்து நன்றாயிருக்கிறது என்றேன். அம்மா பார்த்து, இவள் இவ்வளவு நிமிர்ந்து காதை வைக்கமாட்டாள், இடப்பக்கம் கொஞ்சம் விழும் என்றார். ஓவியர் காதை இறக்கினார். அந்த ஒரு கோட்டில்தான் பிரவுணி வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வத்தளை கடற்கரையோர ஊர். ஈரலிப்பும் உப்புக்காற்றும் ஓவியத்தின் எதிரிகள். கடதாசி ஓவியத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சில வருடங்களில் ஓரம் மஞ்சளாகும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர்கள் கேட்டால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் நேரே கண்ணாடியோடு சேர்த்து அடித்துவிடுவார்கள்.

மழைநீர் ஊறும் வெளிச்சுவர், குளியலறைச் சுவர், நேர் வெயில் விழும் இடம் மூன்றையும் தவிருங்கள். சட்டத்தின் பின்புறத்தில் சிறு தக்கைத் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோடும். கறையானையும் அவ்வப்போது பாருங்கள்.

எங்கள் வீட்டில் நான்காவது படம் இப்போது அப்பாவின் படத்துக்குச் சற்றுத் தள்ளி, யன்னலுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கிறது. மாலை இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி வந்து பார்த்துவிட்டு, தங்கள் கிளியையும் வரைவார்களா என்று கேட்டுப் போனார். பிரவுணி இன்னும் இருக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை, மாத்திரை நேரத்துக்கு மட்டும் எழும்புகிறாள். படத்தை அவள் கவனித்ததேயில்லை.

உங்கள் வீட்டிலும் வயதான ஒரு நாயோ பூனையோ இருந்தால், ஓவியரைப் பிறகு தேடலாம். இன்று பின்னேரம், வெயில் சாய்ந்ததும், நிலத்தில் குந்தி இருந்து நாலு படம் எடுத்து வையுங்கள்.