விதைநெல்லான நன்கொடை: துவாலுவின் கதை

அயலுதவி ஒரு நாட்டை வளர்க்குமா, கையேந்தப் பழக்குமா என்னும் வினா பழையது. பெரிய நாடுகளின் கணக்குகளிலேயே நாம் இதற்கு விடை தேடுகிறோம். பசிபிக் பெருங்கடலில், 26 சதுர கிலோமீட்டர் நிலமே கொண்ட துவாலுவின் அனுபவம் வேறொரு விடையைச் சொல்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தீவுகள் கில்பர்ட், எல்லிஸ் தீவுகள் என்ற ஒரே காலனியின் பகுதி. எல்லிஸ் மக்கள் மொழியாலும் மரபாலும் பொலினீசியர். எண்ணிக்கையில் மிக்க கில்பர்ட் மக்கள் மைக்ரோனீசியர். 1974இல் நடந்த வாக்கெடுப்பில் எல்லிஸ் மக்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் பிரிவினையை ஆதரித்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. காலனிக்குச் சோறிட்ட பனாபா தீவின் பாஸ்பேட் வருவாயில் பங்கில்லை. பொதுச் சொத்தில் கிடைத்தது ஒரே ஒரு கப்பல். 1978 அக்டோபர் 1 அன்று துவாலு விடுதலை பெற்றபோது மக்கள்தொகை 8,000க்கும் குறைவு. அரசின் அன்றாடச் செலவில் விழுந்த துண்டை ஆண்டுதோறும் பிரிட்டனின் மானியமே ஈடுகட்டிற்று. கொடி தனியாகப் பறந்தது. வரவு செலவுத் திட்டமோ இலண்டனின் தயவில் நின்றது.

இந்நிலையை மாற்றியது 1987இல் உருவான துவாலு அறக்கட்டளை நிதியம். டொமாசி புவாபுவா அப்போது பிரதமர். ஆண்டுதோறும் தருவதை ஒரே தடவையில் முதலாகத் தாருங்கள் என்பதே கோரிக்கையின் சாரம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பெரும்பங்கு அளித்தன. ஜப்பானும் தென்கொரியாவும் சிறிது தந்தன. துவாலுவும் தன் பங்கைப் போட்டது. சேர்ந்தது ஏறத்தாழ 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

நிதியத்தின் விதி நம் உழவர் அறிந்ததே: விதைநெல்லைத் தின்னாதே. விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாக முதலின் மதிப்பு காக்கப்பட்ட பின், மிஞ்சுவது மட்டும் இரண்டாம் கணக்குக்குச் செல்லும். அரசு தொடக்கூடியது அதைத்தான். 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியை அடுத்துப் பகிர ஏதும் மிஞ்சாதபோதும் முதலில் கை வைக்கப்படவில்லை. இதனருகே நவ்ருவை வைத்துப் பார்ப்போம். சொந்த மண்ணின் பாஸ்பேட்டால் 1970களில் உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றாக விளங்கிய அத்தீவு, கடன் முற்றி 2004இல் மெல்போர்னில் இருந்த தன் வானளாவிய கட்டடத்தையும் விற்க நேர்ந்தது. தன் செல்வத்தை ஒரு தீவு கரைத்தது. பிறர் கொடையை ஒரு தீவு காத்தது.

இதனால் துவாலு 'வளர்ந்து' விட்டதா? தொழிற்சாலைகள் எழவில்லை. மீன்பிடி உரிமக் கட்டணம், 'டாட் டிவி' இணைய முகவரிக்கான குத்தகை, கப்பலோட்டிகள் அனுப்பிய பணம், அயலுதவி ஆகியவையே இன்றளவும் ஆதாரம். உற்பத்திக் கணக்கில் இவை வளர்ச்சியாகப் பெரிதும் தெரிவதில்லை. எனினும் கெட்ட ஆண்டில் எதைச் செலவிடுவது, எதை நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை கிட்டியது. விடுதலையின் உட்பொருள் அதுவன்றோ?

ஆனால் இன்று ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்கு மேல் உயராத மண் இது. 2023இல் கையெழுத்தாகி 2024இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 துவாலுவினர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். விதைநெல்லை விலைவாசியிலிருந்து காக்க வழி கண்டவர்கள், விதைக்கும் நிலத்தைக் காக்கும் வழியைத் தனியே காண இயலாது. கடலை உயர்த்தியதில் அவர்களின் பங்கு அற்பம். எனவே இனி அவர்களுக்குச் செல்வதை உதவி என்பதினும் கடன் தீர்த்தல் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.