கப்பல் ஏறாமல் கடலடியை வரைந்தவர்

கண்டங்கள் நகர்கின்றன என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஆல்ஃபிரட் வெகனர். சரிதான், 1912லேயே அதை விரிவாகச் சொன்னவர் அவர். ஆனால் 1930ல் கிரீன்லாந்து பனியில் அவர் இறந்தபோது அதை நம்பியவர்கள் குறைவு. அதன் பிறகும் 30 ஆண்டுகள் அந்தக் கருத்து கிடப்பிலேயே கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுக்க உதவியவர்களில் ஒருவர் மேரி தார்ப். பேனாவும் மையும் வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்து படம் வரைந்த ஒரு பெண்!

வெகனரை எதிர்த்தவர்கள் எல்லோரையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்துவதை அவர் காட்டினார். மெசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் படிமங்கள் இரண்டு பக்கமும் கிடைப்பதைக் காட்டினார். எல்லாம் சரி, இவ்வளவு பெரிய கண்டத்தைத் தள்ளுவது எது? பூமியின் சுழற்சி, அலையேற்ற விசை என்று அவர் சொன்ன பதில்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால் துளியும் போதாதவை. அவர் வானிலை ஆய்வாளர், நிலவியலாளர் அல்ல என்பதும் சேர்ந்துகொண்டது. இன்னொரு பெரிய குறையும் இருந்தது. பூமியில் சுமார் 70 சதவீதம் கடல். அந்தக் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

மேரி தார்ப் 1920ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா விவசாயத் துறையில் மண் ஆய்வாளர், அதனால் அடிக்கடி ஊர் மாற்றம், பள்ளி மாற்றம். கல்லூரியில் படித்தது ஆங்கிலமும் இசையும். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் மிச்சிகன் பல்கலைக்கழகம் நிலவியல் வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்படித்தான் அவர் நிலவியலுக்குள் வந்தார். போர் வராமல் இருந்திருந்தால் இசை ஆசிரியை ஆகியிருப்பாரோ என்னவோ.

1948ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் புரூஸ் ஹீசன் என்ற ஆராய்ச்சி மாணவருடன் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். ஹீசன் கப்பலில் போய் கடலின் ஆழத்தை அளந்து வருவார். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். அந்த எண்களை எல்லாம் படமாக மாற்றுவது மேரியின் வேலை. மேரி ஏன் போகவில்லை? பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

1952ல் வட அட்லாண்டிக் கடலைக் குறுக்கே வெட்டினால் தரை எப்படித் தெரியும் என்று ஆறு படங்கள் வரைந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார். கடலின் நடுவே ஒரு மலைத்தொடர் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். அதன் தனித்தனிச் சிகரங்கள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மலைத்தொடரின் உச்சியில் கத்தியால் கீறியது போல ஒரு பள்ளம் இருந்தது. அது மட்டும் அடுத்தடுத்த படங்களில் ஒரே இடத்தில் வந்து நின்றது. மலையின் நடுவில் பள்ளத்தாக்கு என்றால் தரை அங்கே பிளந்து விலகுகிறது என்று அர்த்தம். விலகினால் இரு பக்கமும் உள்ள கண்டங்களும் விலகத்தானே வேண்டும்?

ஹீசன் இதை 'பெண்கள் பேச்சு' என்று ஒதுக்கிவிட்டார். மேரியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அன்றைய அமெரிக்காவில் கண்டப் பெயர்ச்சியை ஆதரித்துப் பேசுவது மதத்துரோகம் செய்வது மாதிரி. ஹீசன் பயந்ததிலும் ஆச்சரியமில்லை.

அவரை மாற்றியது வேறு ஒரு வேலை. கடலடியில் தொலைபேசிக் கம்பி போடுவதற்காக நிலநடுக்கங்கள் எங்கே வருகின்றன என்று தெரிய வேண்டியிருந்தது. ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற ஓவியர், காது கேளாதவர், பக்கத்து மேசையில் அவற்றைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படமும் ஒரே அளவில் இருந்ததால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடிந்தது. அட்லாண்டிக் நடுவே வந்த நிலநடுக்கப் புள்ளிகள் வரிசையாக அந்தப் பள்ளத்தாக்கின் மேலேயே விழுந்தன! பிற கடல்களிலும் நிலநடுக்க வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் மலைத்தொடரும் கூடவே வந்தது. இன்று அதன் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பூமியை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றலாம்.

1956ல் இந்தச் செய்தி யூவிங், ஹீசன் என்ற இரண்டு பெயர்களில் வெளிவந்தது. யூவிங் ஆய்வுக்கூடத்தின் தலைவர். மேரியின் பெயர் இல்லை. அவருக்கு அதில் பெரிய கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம்.

எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. பிரான்சின் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவும் நம்பாதவர்தான். கேமராவைக் கடலுக்குள் இறக்கி அட்லாண்டிக் அடியில் இழுத்துப் போனார். பள்ளத்தாக்கு அங்கேயே இருந்தது! அந்தப் படத்தை 1959ல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் போட்டுக் காட்டினார்.

பிறகு வேகமாக நடந்தது. பிளவின் வழியே புதுத் தரை உருவாகி இரு பக்கமும் நகர்கிறது என்று 1962ல் ஹாரி ஹெஸ் எழுதினார். 1963ல் வைன், மேத்யூஸ் இருவரும் கடல்தரைப் பாறைகளில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்திருப்பதை வைத்து அதற்கு வலுச் சேர்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய அளவீடு எடுக்கப்பட்டது நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில். வெகனரிடம் இல்லாத பதில் கிடைத்துவிட்டது. கண்டம் கடல்தரையை உழுதுகொண்டு போகவில்லை, கடல்தரையையும் சேர்த்துத் தட்டாகவே நகர்கிறது. அட்லாண்டிக் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாகிறது.

வேடிக்கை என்னவென்றால் ஹீசன் அப்போதும் பூமி ஊதிப் பெரிதாகிறது என்று சில காலம் சொல்லிக்கொண்டிருந்தார்!

யூவிங்குக்கும் ஹீசனுக்கும் சண்டை வந்ததில் அடி விழுந்தது மேரிக்கு. ஆய்வுக்கூடத்தில் இடம் போய், வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். 1968ல்தான் முதல்முறையாக ஆய்வுக் கப்பலில் ஏறினார். 1977ல் ஹீசன் ஐஸ்லாந்து அருகே நீர்மூழ்கிக் கப்பலில் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டில் உலகக் கடல்கள் எல்லாவற்றின் தரையையும் காட்டும் அவர்களுடைய பெரிய வரைபடம் வெளிவந்தது. ஹைன்ரிக் பெரான் என்ற ஆஸ்திரிய ஓவியர் வண்ணம் தீட்டியது. அதில் மேரியின் பெயரும் இருக்கிறது.