இலத்தீன் மொழியின் போர்ச் சொற்கள்

பண்டைய உரோமர் சண்டையையும் பகையையும் குறிக்க வழங்கிய சொற்றொகுதி. போர், சமர், கைகலப்பு, கலகம் என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்தது. எந்தச் சொல்லை வழங்குவது என்பது பல வேளைகளில் சட்ட முடிவாகவும் இருந்தது.

தோற்றம்: போரைக் குறிக்கும் ‘பெல்லும்’ என்பதன் பழைய வடிவம் ‘துவெல்லும்’. கி.மு. 186இல் உரோமச் செனட் பிறப்பித்த ஆணை வெண்கலத் தகட்டில் கிடைத்துள்ளது. போர்த் தெய்வமான பெல்லோனாவின் பெயர் அதில் பழைய ஒலியோடு ‘துவெலோனா’ என்றே உள்ளது. ஒரு போருக்குள் நிகழும் தனித்தனிச் சமர் ‘ப்ரொய்லியும்’. சண்டையைப் பொதுவாகச் சுட்டும் ‘புக்னா’, கைமுட்டியைக் குறிக்கும் ‘புக்னுஸ்’ என்ற சொல்லின் உறவு. வாய்ச்சண்டையும் அடிதடியும் ‘ரிக்சா’.

பகைவர்: ‘ஹோஸ்டிஸ்’ முதலில் அயலானைக் குறித்தது; பழைய பன்னிரு பலகைச் சட்டத்தில் அப்பொருளே உள்ளதை சிசெரோ எடுத்துக்காட்டுகிறார். பின்னர் அது நாட்டின் பகைவனுக்கு உரியதாயிற்று. தனிமனிதப் பகைவன் ‘இனிமீகுஸ்’. முறைப்படி போர் அறிவிக்கப்பட்டவர்களே ஹோஸ்டிஸ், மற்றோர் கொள்ளையர் என்று சட்ட அறிஞர் உல்பியன் வரையறுத்தார். கொள்ளையரிடம் சிக்கியவர் சட்டப்படி அடிமையாவதில்லை. எனவே இவ்வேறுபாடு ஒருவரின் உரிமையையே தீர்மானித்தது.

கலகம்: இத்தாலிக்குள்ளோ கால் இனத்தவராலோ எழும் பேராபத்து ‘துமுல்துஸ்’. அது அறிவிக்கப்பட்டால் படைச்சேவை விலக்குகள் செல்லாமற்போகும். கி.மு. 43இல் மார்க் அந்தோணியின் எழுச்சியைப் போர் என்பதா, துமுல்துஸ் என்பதா என்று செனட்டில் வாதம் மூண்டபோது, போர் என்றே சொல்ல வேண்டும் என சிசெரோ வலியுறுத்தினார்.

பிற்காலம்: உரோமப் பேரரசு சரிந்தபின் மேற்கு ஐரோப்பியப் பேச்சுவழக்கில் ஜெர்மானியச் சொல்லான ‘வெர்ரா’ பெல்லும் இருந்த இடத்தைப் பிடித்தது. பிரெஞ்சு ‘கேர்’, இத்தாலிய, ஸ்பானிய ‘குவெர்ரா’ ஆகியவை அதன் வழிவந்தவை. அழகைக் குறிக்கும் ‘பெல்லுஸ்’ உடன் ஏற்பட்ட ஒலிமயக்கமும் இம்மாற்றத்துக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பிற்கால இலத்தீன் ‘பத்துவாலியா’, ஆங்கில ‘பேட்டில்’ என்பதற்கு மூலம். ‘துவெல்லும்’ இடைக்கால இலத்தீனில் இருவர் மோதலாகப் பொருள் மாறி, ‘டூயல்’ என நிலைத்தது. இலத்தீனிலிருந்து பிறந்த ருமேனிய மொழியும் போருக்கு ஸ்லாவியச் சொல்லையே வழங்குகிறது.