சுவருக்குள் போன தொட்டி

பழைய லாட்ஜுகளில் தலைக்கு மேலே இரும்புத் தொட்டி இருக்குமே, ஞாபகமிருக்கிறதா? சங்கிலியை இழுத்தால் 'ஹோ'வென்று கொட்டும். அந்த வேகம் உயரம் தந்தது. சுவிட்சர்லாந்தின் ராப்பர்ஸ்வில் ஊரில் கெபர்ட் குடும்பத்தார் 1905-ல் தயாரித்த 'ஃபீனிக்ஸ்' தொட்டி, உள்ளே ஈயத்தகடு அடித்த மரப்பெட்டி! 1952-ல் அது பிளாஸ்டிக் ஆனது. 1964-ல் சுவருக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

ரிப்பேர் வந்தால் சுவரை உடைக்கணுமா? வேண்டாம். நாம் அழுத்துகிற பட்டன் தகடுதான் கதவு. கழற்றினால் வால்வு, மிதவை எல்லாம் கைக்கு எட்டும். எட்டாதது கீழே இருக்கும் குழாய் இணைப்பு. அதைத் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே டைல்ஸ் ஒட்டணும். எங்கள் மேஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் தண்ணீர் விட்டார். ஒழுகுகிற விஷயத்தைக் கீழ்வீட்டு மாமி வந்து சொன்னார், கையில் வாளியோடு.