விளக்கம் மறைக்கப்பட்ட அறிவியல்: ஐசக் அசிமோவின் புனைவில் சமயமும் ஆட்சியும்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர், தாமாகவே திறக்கும் கோயிற் கதவுகளின் அமைப்பைத் தம் நூலில் விளக்கியுள்ளார். பலிபீடத்தில் தீ மூட்டியதும் அதனுள் இருக்கும் காற்று சூடாகி விரியும். விரிந்த காற்று, கலத்திலுள்ள நீரைத் தொங்கும் வாளி ஒன்றினுள் தள்ளும். எடை கூடிய வாளி கீழிறங்கிக் கயிற்றை இழுக்க, கதவுகள் திறக்கும். நூலைப் படிப்பவருக்கு இது பொறியியல்; விளக்கம் அறியாமல் வாயிலில் நிற்கும் அடியவருக்கோ தெய்வச் செயல்.

இவ்வேறுபாட்டை ஆட்சிமுறையாகவே விரித்துக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ். 1942ஆம் ஆண்டில் ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இதழில் அவர் எழுதத் தொடங்கிய கதைகள், 1951இல் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் நூலாயின. உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிக் கிப்பன் எழுதிய வரலாறு அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

கதையில், விண்மீன் மண்டலப் பேரரசு சிதைந்து வருகிறது. அதன் ஓரத்திலுள்ள நாடுகள் அணுவாற்றல் அறிவை இழந்துவிட, டெர்மினஸ் என்னும் சிறு கோளே அதனைப் பேணுகிறது. படைவலிமையற்ற அக்கோளின் மேயர் சால்வர் ஹார்டின், அண்டை அரசுகள் நான்கிற்கும் அவ்வாற்றலை வழங்குகிறார்; ஆயின் அறிவியலாக அன்று, சமயமாக. அணுமின் நிலையங்களை இயக்குவோர் குருமாராகின்றனர். இயக்கும் முறையை மனப்பாடமாக அறிந்த அவர்கள், அதன் காரணத்தை அறியார். பயிற்சிக்கு வருவோருள் மிகச் சிறந்தவர்கள் தாயகம் திரும்புவதில்லை. ஆய்வு மாணவர்களாக டெர்மினஸிலேயே தங்கிவிடுகின்றனர்.

அனாக்ரியான் அரசை இளம் மன்னன் பெயரால் ஆளும் வீனிஸ், டெர்மினஸ்மீது போர்க்கப்பலை ஏவுகிறான். கப்பலிலுள்ள குரு சாபமிட, விளக்குகள் அணைகின்றன. அஞ்சிய வீரர்கள் கலகம் செய்கின்றனர். அக்கப்பலைப் பழுதுபார்த்துத் தந்த டெர்மினஸ் மக்களே, அதனை நிறுத்தும் கருவியையும் உள்ளே பொருத்தியிருந்தனர்.

ஹார்டின் போரைத் தடுத்தவர் என்பதால் நம் மனம் அவர்பக்கம் சாய்கிறது. இங்குதான் நாம் நின்று எண்ண வேண்டும். பிறரது அறியாமையைத் தம் அரணாகக் கொள்ளும் ஆட்சியாளர், நல்லெண்ணம் உடையவரே ஆயினும், அவ்வறியாமை நீங்காதபடி காக்க வேண்டியவராகிறார். நூலின் இறுதிப் பகுதியில் கொரெல் என்னும் நாடு டெர்மினஸின் சமயப் பரப்புநர்களை நுழையவிட மறுக்கிறது. சமயத்தைத் தொடர்ந்து ஆட்சியும் கைமாறும் என்பதை அந்நாடு உணர்ந்துவிட்டது. அப்போது ஹோபர் மாலோ என்னும் வணிகர் சமயத்தை விடுத்து வணிகத்தைக் கைக்கொள்கிறார். வழி மாறியது, பிறரைச் சார்ந்து வாழும் நிலை மாறவில்லை.

ஆசிரியர்களுக்கு இக்கதை அயலானதன்று. வாய்பாட்டை ஒப்பித்து, அதன் பொருளறியாமல் தேர்வெழுதும் மாணவர் அக்குருமாரை ஒத்தவரே. பொருள் விளங்காதவரை அறிவியற்சொல்லும் மந்திரமாகவே நிற்கும். விளங்கியபின்னரே அது கலைச்சொல்லாகும். அறிவியலைத் தமிழில் விளங்கச் சொல்லும் முயற்சியை மொழிப்பற்று என்று மட்டும் கருதிவிடலாகாது. ‘ஏன்’ என்று வினவும் உரிமையை மாணவர் கையில் ஒப்படைக்கும் பணியும் அதுவே.