ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேற யாரால முடியும்?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க ஊர்ப் பக்கத்து அண்ணன் ஒருத்தர். அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். கோயில் திருவிழா, காதுகுத்து, சாவு வீடுன்னு எல்லா இடத்துலயும் பாடுவார். பாட்டு அவரே கட்டுறது, மெட்டும் அவரோடதுதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனிக்காரங்க வந்து நாலு பாட்டைப் பதிவு பண்ணி, 5,000 ரூபா கொடுத்து, ஒரு பக்கக் காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. இப்போ அந்தப் பாட்டு எல்லா ஆப்லயும் இருக்கு. போன பொங்கலுக்கு அவரே தன் யூடியூப் சேனல்ல அதே பாட்டைப் போட்டார். காப்பிரைட் கிளெய்ம் வந்துடுச்சு. அவர் பாட்டுக்கு, அவர் மேலயே.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற? என் பாட்டை அதுலேர்ந்து எடுத்துக் குடுத்துடேன்"னு கேட்டார். என்னால முடியலை. ஏன் முடியலைன்னு தேட ஆரம்பிச்சதுதான் இன்னைக்குக் கதை.

2025 ஜூன்ல ஒரு செய்தி வந்தது. ஸ்பாட்டிஃபை நிறுவனர் டேனியல் எக்கின் முதலீட்டு நிறுவனம், ஹெல்சிங் என்ற ஜெர்மானியக் கம்பெனியில் 60 கோடி யூரோ முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது. ஹெல்சிங் போர்க்களத்துக்கு ஏஐ மென்பொருளும் ட்ரோனும் செய்யும் கம்பெனி. "எங்க பாட்டுல வந்த காசு ஆயுதத்துக்குப் போகக்கூடாது"ன்னு சொல்லி அமெரிக்காவின் டியர்ஹூஃப், ஆஸ்திரேலியாவின் கிங் கிஸ்ஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட் மாதிரி குழுக்கள் வெளியேறின. செப்டம்பரில் பிரிட்டனின் மாஸிவ் அட்டாக்கும் சேர்ந்துகிட்டது.

இது முதல் தடவை இல்லை. 2014 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டுகள் மொத்தமும் ஸ்பாட்டிஃபையிலிருந்து போச்சு. இலவசமா கேட்கிறவங்களுக்குப் பாட்டைக் கொடுத்தா உழைப்புக்கு மதிப்பில்லைங்கிறது அவர் வாதம். 2017ல் திரும்பி வந்தார். 2022 ஜனவரியில் நீல் யங், ஒரு பாட்காஸ்ட் தடுப்பூசி பற்றித் தப்புத் தகவல் பரப்புதுன்னு சொல்லி வெளியேறினார். 2024ல் அவரும் திரும்பி வந்துட்டார். அதே பாட்காஸ்ட் மற்ற ஆப்களுக்கும் போயிடுச்சு, எல்லாத்தையும் விட்டுட்டு எங்கே போறதுங்கிற நிலைமை.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. தமிழ்ல இப்படி ஒரு பெரிய இசையமைப்பாளர் "என் பாட்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க"ன்னு சொல்லி வெளியேறினதா ஏன் நாம கேள்விப்படுறதில்லை? நம்ம ஆளுங்களுக்கு மனசாட்சி கம்மியா? கோபம் கம்மியா?

அரியலூர்க்காரங்களுக்கு ஒரு ராஜினாமா கதை நல்லாத் தெரியும். 1956 நவம்பர் 23 விடிகாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் நேர்மையைப் பேசுற நாம, ஒரு சின்ன விஷயத்தை விட்டுடுறோம். விலகணும்னா முதல்ல பதவி கையில இருக்கணும். அந்த ரயில்ல சாதாரண ஊழியரா இருந்தவர் எதிலிருந்து விலகுவார்?

பாட்டுக்கும் அதே கணக்குத்தான். ஒரு பாட்டுல குறைஞ்சது மூணு உரிமை இருக்கு. வரிகள் எழுதினவருக்கு ஒண்ணு. மெட்டுப் போட்டவருக்கு ஒண்ணு. ஸ்டூடியோவில் பதிவான அந்த ஒலிப்பதிவுக்குத் தனியா ஒண்ணு. ஆப்ல ஏறுறது ஒலிப்பதிவு. அதனால அதை ஏத்தவும் இறக்கவும் அட்மின் பர்மிஷன் ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்குத்தான். கிங் கிஸ்ஸர்ட் தங்கள் பதிவுகளைத் தாங்களே வெளியிடுற குழு. ஒரே நாள்ல முடிவெடுக்க முடிஞ்சது. டெய்லர் ஸ்விஃப்டுக்கு முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவு சொந்தமில்லை. அதை வேற ஒருத்தர் வாங்கினதும், பழைய ஆல்பங்களை ஒவ்வொண்ணா மறுபடி பாடிப் பதிவு பண்ண ஆரம்பிச்சார். கடைசியில 2025ல்தான் பழைய பதிவுகளை விலை கொடுத்து வாங்கினார்.

நம்ம ஊர்ல இந்த அட்மின் பர்மிஷன் யார்கிட்ட இருந்ததுன்னு பார்க்க 1952க்குப் போகணும். அந்த வருஷம் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்குதுங்கிறது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நேரம் வெட்டப்பட்டது. படத்தோட பேரைச் சொன்னா அது விளம்பரம்னு, பேர் சொல்றதும் நின்னுபோச்சு. பதிலுக்குச் சினிமாத் தரப்பு ஒலிபரப்பு அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்து ஸ்ட்ரீமிங் சேவை ரேடியோதான். அதிலிருந்து பாட்டுகள் வெளியேறின. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் வெச்சாங்க. 1957 அக்டோபரில் அரசே விவித பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்குத் திரும்ப இடம் கொடுத்தது.

வெற்றிகரமான வெளியேற்றம்தான். ஆனா வெளியேறினது யார்? தயாரிப்பாளர்கள். பாடினவங்களோ, மெட்டுப் போட்டவங்களோ இல்லை.

1977ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கெட்டியாக்கிடுச்சு. இசைக் கலைஞர்களின் சங்கமான ஐபிஆர்எஸ்ஸுக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கு அது. வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்துப் படத்துக்காக எழுத வெச்ச, இசையமைக்க வெச்ச தயாரிப்பாளருக்கே உரிமைன்னு தீர்ப்பு. அதே தீர்ப்போட சேர்த்து நீதிபதி கிருஷ்ண ஐயர் தனியா ஒரு குறிப்பு எழுதினார். கலைஞர்கள் பக்கம் சட்டம் இன்னும் கொஞ்சம் பார்க்கணும், நாடாளுமன்றம் யோசிக்கணும்னு. நாடாளுமன்றம் யோசிச்சு முடிக்க 35 வருஷம் ஆச்சு.

நடுவுல கேசட் வந்தது. எங்க அப்பா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு கடையில நோட்டுப் பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் கொடுப்பாராம். ரெண்டு நாள்ல அறுபது நிமிஷக் கேசட்ல எல்லாப் பாட்டையும் பதிஞ்சு கொடுப்பாங்க. அந்த லிஸ்ட்டுல முக்கால்வாசி இளையராஜா. அந்தக் கடைக்காரர் இளையராஜாவுக்கு ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டார், எங்க அப்பாவும்தான். இன்னைக்கும் அப்பா அந்தக் கேசட்டைக் காட்டிப் பெருமைப்படுவார். நான் அந்தப் பெருமையில குறுக்கிடுறதில்லை.

2017 மார்ச்ல, அமெரிக்காவுல கச்சேரி பண்ணிக்கிட்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பினப்போ நம்மில் பாதிப் பேர் இளையராஜாவைத் திட்டினோம். "சம்பளம் வாங்கியாச்சே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டோம். சாஃப்ட்வேர்ல இருக்கிற எனக்கே அப்போ அப்படித்தான் தோணுச்சு. நான் எழுதுற கோடு என் கம்பெனிக்குத்தானே சொந்தம்? ஆனா எனக்கு மாசச் சம்பளம், பிஎஃப் எல்லாம் இருக்கு. பாட்டுக்காரருக்கு அது கிடையாது. ஒரு தடவை வாங்குற காசு ஒரு பக்கம், அந்தப் பாட்டு நாற்பது வருஷம் சம்பாதிக்கிறது இன்னொரு பக்கம். அந்த இடைவெளியைப் பத்தின சண்டை இது.

எக்கோ நிறுவனத்தோடு நடந்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் கவனிங்க. இசைப் படைப்பின் மேல் இளையராஜாவுக்குத் தனிப்பட்ட தார்மீக உரிமை உண்டு. ஆனா ஒலிப்பதிவு தயாரிப்பாளர்களோடது. அவங்ககிட்ட அதை வாங்கின கம்பெனி பயன்படுத்திக்கலாம். மேல்முறையீட்டில், 2024ல், நீதிபதிகள் இன்னொரு நியாயமான கேள்வியும் கேட்டாங்க. பாடல் வரி இல்லாம பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டா என்ன ஆகும்? ஆக, நாட்டுலயே பெரிய இசையமைப்பாளர்களில் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போயும், தன் பாட்டை முழுசா "எடுத்துட்டுப் போக" வழி சுலபமா இல்லை.

அதே 2019ல் இன்னொண்ணும் நடந்தது. பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. ஏப்ரலில் சரிகமா, அதாவது பழைய எச்எம்வி, டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தன் பாட்டுகளை நீக்க வெச்சது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பகுதி எச்எம்வி இசைத்தட்டில் வந்ததுதான். அடுத்த வருஷம் ஒப்பந்தம் ஆனதும் பாட்டுகள் திரும்ப வந்தன. நம்ம நாட்டுலயும் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறியிருக்கு, பாருங்க. வெளியேத்தினதும் கூட்டிட்டு வந்ததும் கம்பெனிதான்.

"அது சினிமா, சுயாதீன இசைன்னா வேற"ன்னு சொல்வீங்க. 2021 மார்ச்ல வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்குங்க. தெருக்குரல் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். மஜ்ஜா தளம் வெளியிட்டது. அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச கதையிலிருந்து முளைச்ச பாட்டு. நிலம் இல்லாதவங்க நிலத்தைப் பத்திப் பாடினது. யூடியூபில் பல கோடி முறை பார்த்தோம். மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்ல, அந்தப் பாட்டால தங்கள் மூணு பேருக்கும் இதுவரை வருமானம் எதுவும் வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டுச் சொன்னார். அது அவர் தரப்பு. ஆனா ஒரு விஷயம் தெளிவா தெரியுது. அவ்வளவு பெரிய ஹிட்டைக் கொடுத்தவருக்கே கணக்கைக் கேட்க வீடியோ போட வேண்டியிருந்தது.

சரி, ஆப்லேர்ந்து காசு எப்படி வருது? ஒரு தடவை கேட்டா இவ்வளவுன்னு நிலையான ரேட் கிடையாது. சந்தா, விளம்பரக் காசு எல்லாம் ஒரு பானையில விழுது. ஸ்பாட்டிஃபை அதுல சுமார் மூணுல ரெண்டு பங்கை உரிமைதாரர்களுக்குக் கொடுக்குது. மொத்தக் கேட்பில் யார் பாட்டு எத்தனை சதவீதமோ, அந்த விகிதத்துல பங்கு. நான் மாசம் முழுக்க செந்துறை அண்ணனை மட்டுமே கேட்டாலும் என் காசு நேரா அவருக்குப் போகாது. பெரும்பகுதி அந்த மாசம் அதிகம் ஓடின சினிமாப் பாட்டுக்குப் போகும். 2024லிருந்து இன்னொரு விதி. ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவையாவது கேட்கப்படலைன்னா அதுக்குப் பங்கே இல்லை. சின்னச் சின்னப் பாட்டுக்காரர்களுக்கு இது நேரடி அடி.

அப்போ நாம ஸ்பாட்டிஃபையை அழிச்சுட்டா போதுமா? உங்க மனசாட்சி சொன்னா அழிங்க. ஆனா அடுத்த ஆப்புக்கு மாறினா அண்ணனோட நிலைமை மாறாது. அங்கேயும் அட்மின் பர்மிஷன் அதே கம்பெனிகிட்டதான். பிரச்சினை ஆப்ல ஆரம்பிக்கலை, அந்த ஒரு பக்கக் காகிதத்துல ஆரம்பிச்சது.

அந்தக் காகிதத்தைப் போன வாரம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுல எத்தனை வருஷத்துக்குன்னு எழுதவே இல்லை. ராயல்டி பத்தி ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்துலதான் 2012ல் திருத்தின காப்புரிமைச் சட்டம் உதவுது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடலைன்னா, அது 5 வருஷத்துக்குத்தான்னு சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்லுது. எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேரவேண்டிய சமப் பங்கு ராயல்டியை எழுதி வாங்கிக்கவும் முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாத்திக் கொடுக்கலாம்.

இது அண்ணனுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்னு வக்கீல்தான் சொல்லணும். கம்பெனி பதிவு பண்ண ஒலி கம்பெனிகிட்டயே இருக்கலாம். ஆனா பாட்டும் மெட்டும் அவரோடது. திரும்பப் பாடிப் பதிவு பண்ண ஒரு வழி இருக்கலாம். அடுத்த வாரம் அரியலூர்ல ஒரு வக்கீலைப் பார்க்கப் போறோம்.

உங்க ஊர்ல பாடுறவங்க யாராவது இருந்தா, அடுத்த தடவை கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்பச் சொல்லுங்க. எத்தனை வருஷம், எந்த உரிமை, எவ்வளவு பங்கு. இந்த மூணு கேள்வி போதும். அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "அப்ப அடுத்த வருஷம் நான் வெளிய வந்துடலாமா தம்பி?"