மட்டாஞ்சேரி அடுப்பில் ஸ்பானிய மணம்

நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் கையில் எடுத்துச் செல்லக்கூடியவை மிகக் குறைவு. நிலம் போகும், வீடு போகும், இரண்டு தலைமுறையில் மொழியும் போகும். ஆனால் நாக்கின் நினைவு எளிதில் அழிவதில்லை. திருப்பூணித்துறையிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வரலாறு இதற்குச் சான்று பகர்வது.

1492-ஆம் ஆண்டு ஸ்பெயினின் அரசர் பெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் யூதர்களை நாடு கடத்தும் ஆணையைப் பிறப்பித்தனர். மதம் மாறித் தங்கிவிட்டவர்களையோ சமய விசாரணை மன்றம் விடாது வேவு பார்த்தது. எப்படி என்று கேட்டால் வியப்பு மேலிடும். அடுப்பங்கரையை மோப்பம் பிடித்தே! பன்றிக்கொழுப்பை ஒதுக்கி எண்ணெயில் சமைப்பதும், சனிக்கிழமை உணவை வெள்ளி மாலையே அடுப்பேற்றி வைப்பதும் குற்றத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. சமைத்த குழம்பே சமைத்தவளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன காலம் அது.

அவ்வாறு சிதறியவர்களுள் ஒரு சிலர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி வந்து சேர்ந்தனர். 'பரதேசி யூதர்' என்பது அவர்களுக்கு இங்கே வழங்கிய பெயர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் அளித்தார்; 1568-இல் தொழுகைக்கூடம் எழுந்தது. அதன் நானூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1968-இல் அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அதைக் கட்டுவித்தோருள் ஒருவர் காஸ்தியல் குடும்பத்தினர். காஸ்தில் என்னும் ஸ்பானிய நாட்டை அப்பெயர் நினைவூட்டும். அக்குடும்பத்துத் தலைவர்களுக்குக் கொச்சி மன்னர் அளித்த பட்டம் என்ன தெரியுமா? 'முதலியார்'! நம்மவர் செவிக்கு இது இனிக்கும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். அவர்கள் விழாக்களில் செய்யும் பலகாரம் ஒன்றுக்குப் 'பாஸ்டல்' என்று பெயர். உருவத்தில் நம் சோமாசிதான். உள்ளே பூரணத்துக்குப் பதில் கொத்திய கறியும் வெங்காயமும். இச்சொல் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்கும் பொதுவானது. ஸ்பெயினை விட்டுத் துருக்கிப் பேரரசில் குடியேறிய யூதர்களும் இதே பெயரில் இதே இனப் பண்டம் செய்கின்றனர் என்பதே இதன் பழைய வழியைக் காட்டிவிடுகிறது. ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பதால் முன்னாள் மாலையே தணலில் ஏற்றி வைக்கும் 'ஹமீன்' மற்றொன்று. ஸ்பெயினில் இவ்வகை உணவுக்கு 'அதபினா' என்று பெயர். மன்றத்தார் மோப்பம் பிடித்தது இதைத்தான்.

ஆனால் கொச்சி மண் அவர்களின் சட்டியைச் சும்மா விடவில்லை. இறைச்சியோடு பாலைச் சேர்ப்பது யூத நெறிக்கு விலக்கு. பாலும் நெய்யும் தடைப்பட்ட இடத்தில் தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் வந்து அமர்ந்தன. நெறியும் பிழைத்தது, சுவையும் பிழைத்தது! இந்நுட்பம் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே இங்கு வாழ்ந்த மலபார் யூதர்களின் அடுப்பில் பழகிய ஒன்று. அந்த மலபார் யூதரைத் தமக்குச் சமமாக ஏற்கப் பரதேசியர் நெடுங்காலம் மறுத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துரத்தப்பட்ட துயரம் அறிந்தவர்களுக்கு இது அழகன்று. சம உரிமை கேட்டு ஏ. பி. சேலம் இருபதாம் நூற்றாண்டில் காந்திய வழியில் போராட நேர்ந்தது.

நம் பிள்ளைகள் இங்கு எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தடுமாறும்போது எனக்கு யூதத் தெரு நினைவு வரும். ஸ்பானிய மொழி அவர்கள் வீடுகளில் எப்போதோ மறைந்து மலையாளமே பேச்சாயிற்று. பாஸ்டல் மட்டும் பெயரோடு நின்றது. நம் வீட்டு வற்றல்குழம்பிலும் நல்லெண்ணெய் போய்த் தேங்காயெண்ணெய் குடியேறி வருகிறது. அதைக் குறை என்று என் தாயார் சொல்வார்; நான் வாய் திறப்பதில்லை.

1948-இல் இஸ்ரேல் தோன்றியபின் கொச்சி யூதர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே சென்றனர். மட்டாஞ்சேரியில் எஞ்சியோர் மிகச் சிலரே. ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட பாஸ்டலும் கடல் கடந்தது. இஸ்ரேலில் அதைக் கொச்சிக்காரர் பண்டம் என்கிறார்கள்.